சாயம் தெரிந்தது, உப்பு தெரியவில்லை

இறுதியாண்டுப் புராஜெக்டுக்கும் புத்தாக்கப் போட்டிகளுக்கும் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் பொறியியல் மாணவ மாணவியருக்கு,

உங்கள் கல்லூரிக் கண்காட்சிகளுக்கும் ஹேக்கத்தான்களுக்கும் நடுவராக வந்துபோகிறவன் எழுதுகிறேன். குழு சேர்ந்துவிட்டது, வழிகாட்டிப் பேராசிரியரும் கிடைத்துவிட்டார், ஐடியாதான் வரவில்லை என்று விடுதி அறையில் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருப்பீர்கள். கடைசியில் ஒரு சென்சார், ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு கைப்பேசிச் செயலி மூன்றும் சேர்ந்து ஒரு பெட்டியாகிவிடும். அது விவசாயிக்கா, பார்வையற்றவருக்கா, தொழிற்சாலைக்கா என்பது அதற்கப்புறம் முடிவாகும்.

உங்கள் மேசை முன்னால் நிற்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: "இந்தச் சிக்கலோடு தினமும் வாழ்கிற ஒருவர் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள்?" பெரும்பாலான குழுக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும். உங்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் கிடையாது. என் தலைமுறை ஒரு வருடம் எடுத்துச் செய்ததை நீங்கள் ஒரு வாரத்தில் முடிக்கிறீர்கள். வரிசைதான் மாறிப் போயிருக்கிறது. தீர்வைச் செய்துவைத்துவிட்டு அதற்கேற்ற சிக்கலைத் தேடுகிறீர்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்லத்தான் இந்த மடல்.

தொழிலில் ஒரு சிக்கல் எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்த இடத்தில் அது மாட்டிக்கொண்டிருப்பது அபூர்வம். மாட்டிக்கொண்ட இடம் வேறெங்காவது இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே வேலையில் பெரும்பங்கு. கண்டுபிடித்து ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்த முடிச்சு இன்னொரு இடத்தில் விழும். நம் ஊர்ப்பக்கத்தில் நடந்தவற்றையே வைத்து இதைக் காட்டுகிறேன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி உங்கள் மேலாண்மைப் பாடத்தில் ஒரு பத்தியாவது இருக்கும். டாக்டர் ஜி. வெங்கடசாமி அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடையைப் பார்த்தார், எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் ஒரே வேகத்தில் உணவு கொடுக்க முடியுமானால் கண் சிகிச்சையையும் அப்படிக் கொடுக்கலாமே என்று நினைத்தார், சாதித்தார். பாடம் இப்படித்தான் போகும். அந்தக் கடையை அவர் வியந்து பேசியது உண்மைதான். ஆனால் அந்தக் கடையில் கோடிக்கணக்கான பேர் சாப்பிட்டிருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் கண்புரை ஞாபகம் வரவில்லையே. அவருக்கு மட்டும் ஏன் வந்தது என்பதைப் பாடம் சொல்வதில்லை. எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

அவர் 1918இல் வடமலாபுரம் என்ற கரிசல்காட்டு ஊரில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. ராணுவ மருத்துவப் பணிக்குப் பிறகு முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போனதால் அந்த வழி அடைபட்டது. கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். மதுரையில் அரசுப் பணியில் இருந்தபோதே கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தினார். வாழ்நாளில் அவர் கையால் நடந்த கண் அறுவைகள் ஒரு லட்சத்தைத் தாண்டும். 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு ஒரு வீட்டில் அவர் மருத்துவமனையைத் தொடங்கியபோது, சிக்கலின் ஒவ்வொரு மூலையும் அவருக்கு உள்ளங்கைபோலத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்த மனிதர் என்பதால்தான் ஒரு ரொட்டிக் கடை அவருக்கு எதையோ சொன்னது.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அன்றைய சிக்கல் சுலபமாகத் தெரியும்: நோயாளிகள் லட்சக்கணக்கில், கண் மருத்துவர்கள் மிகக் குறைவு. ஆகவே மருத்துவர்களைப் பெருக்க வேண்டும், அதற்குக் கல்லூரி வேண்டும், பணம் வேண்டும், பல ஆண்டுகள் வேண்டும். அங்கேயே யோசனை நின்றுபோகும். அரவிந்தில் வேறு மாதிரி பார்த்தார்கள். அறுவை அரங்கில் இருக்கும் மருத்துவரின் நேரம் எதில் போகிறது? கண்புரையை எடுப்பது தேர்ந்த கைக்குச் சில நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் நோயாளியைக் கொண்டுவந்து படுக்க வைப்பதில், கண்ணைச் சுத்தம் செய்து மரக்க வைப்பதில், கட்டுப் போடுவதில், அடுத்தவரைக் கொண்டுவருவதில் கரைந்துகொண்டிருந்தது. மருத்துவர் படிப்பு தேவைப்படாத வேலைகளுக்காக மருத்துவர் காத்துக் கிடந்தார்.

எனவே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முடித்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். மற்ற வேலைகளுக்குக் கிராமத்துப் பெண்களை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை, எடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். கண் பரிசோதனை, அறுவைக்குத் தயார் செய்தல், அறுவையின்போது உதவி, பிந்தைய கவனிப்பு என்று ஒவ்வொருவரும் தத்தம் வேலையில் கைதேர்ந்தார்கள். நாட்டில் ஒரு கண் மருத்துவர் ஆண்டுக்குச் சராசரியாக 400 அறுவைகள் செய்த காலத்தில், அங்கே ஒருவர் 2,000 செய்தார். அந்தப் பெண்கள் இல்லாமல் இந்தக் கணக்கு நிற்காது. அரவிந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேசைகளைப் பற்றி நிறையவும் இவர்களைப் பற்றிக் குறைவாகவும் பேசுவது எனக்கு வருத்தம்தான்.

வேகம் வந்தது. முடிச்சு இடம் மாறியது. அந்தக் காலத்தில் ஏழைகளுக்குப் புரையோடிய லென்ஸை எடுத்துவிட்டுத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். களத்துமேட்டில் அது விழுந்து உடைந்தால் மறுபடி இருட்டு. கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை லென்ஸ் வந்துவிட்டது, ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், விலை 100 டாலர் அளவில். ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது என்று பெரிய அமைப்புகளே சொல்லிக்கொண்டிருந்தன. அந்த விலை லென்ஸின் விலையா, அதைச் சுற்றியிருந்த சந்தையின் விலையா என்று அலசிப் பார்த்தவர்கள் 1992இல் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கினார்கள். சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீன் என்பவரும் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர உதவினார்கள். லென்ஸ் 10 டாலர் அளவுக்கு வந்தது, பிறகு அதற்கும் கீழே இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது.

மருத்துவர் இருக்கிறார், லென்ஸ் இருக்கிறது, சிகிச்சை இலவசம். ஆனாலும் ஆள் வரவில்லை. நீங்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, முகாம் நடந்த ஊர்களில் கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வந்ததாகச் சொன்னது. இலவசமாகக் கொடுத்தும் தொண்ணூற்று மூன்று பேர் வரவில்லை! விழிப்புணர்வு இல்லை என்று எழுதி முடித்துவிடலாம். மாணவர் அறிக்கைகளில் நான் அடிக்கடி படிக்கும் வாக்கியம் அது. வீட்டுக்குப் போய்க் கேட்டவர்களுக்கு வேறு பதில்கள் கிடைத்தன. பஸ்ஸுக்குக் காசு வேண்டும். பாட்டி தனியாக வர முடியாது, கூட ஒருவர் வரவேண்டும், அவருக்கு அன்றைய கூலி போகும். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கத்தி வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விட்டால்? வயதானால் கண் மங்கத்தானே செய்யும், இதற்குப் போய் ஆஸ்பத்திரியா?

இலவசம் என்று மருத்துவமனை நினைத்தது நோயாளியின் கணக்கில் இலவசமாக இல்லை. தேதி கொடுத்து வரச்சொன்னால் வரமாட்டார்கள் என்று அந்த ஆய்வுக்கு முன்பே புரிந்திருந்ததால், முகாமில் அறுவை தேவை என்று தெரிந்தவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போனார்கள். சாப்பாடும் படுக்கையும் திரும்பிவரும் பயணமும் மருத்துவமனைப் பொறுப்பு. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போனதால் பயம் பாதியானது, துணைக்கு ஆள் தேடும் வேலையும் குறைந்தது. அதற்கும் அடுத்த படியாக ஊர்களிலேயே சிறு பார்வை மையங்கள் வந்தன. பயிற்சி பெற்ற பெண் அங்கே கண்ணைப் பரிசோதிப்பார், மருத்துவர் தொலைவிலிருந்து திரையில் நோயாளியோடு பேசுவார். அத்தகைய மையங்கள் இப்போது நூற்றைத் தாண்டிவிட்டன. நீங்கள் ஆசையோடு செய்யும் வீடியோ, மென்பொருள் எல்லாம் இந்தக் கதையில் வருகின்றன. பஸ் காசைப் பற்றிக் கேட்டறிந்த பிறகு வருகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். யாருக்கு இலவசம், யாருக்குக் கட்டணம் என்று அங்கே வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. கட்டணப் பகுதிக்குப் போவதா, இலவசப் பகுதிக்குப் போவதா என்பதை வருகிறவரே முடிவு செய்கிறார். மருத்துவர்கள் இரண்டு பகுதிக்கும் மாறி மாறிப் போகிறவர்கள்தான். அறை, படுக்கை, சில லென்ஸ் வகைகளில்தான் வித்தியாசம். வசதியுள்ளவர் ஏமாற்றமாட்டாரா என்று கேட்பீர்கள். யாராவது ஏமாற்றலாம். அவரைப் பிடிக்க ஒரு கவுன்ட்டர், ஒரு குமாஸ்தா, ஒரு படிவம், தாலுகா அலுவலகத்துக்கு ஓர் ஏழையின் அலைச்சல் ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றப்படுவதே மலிவு. ஒரு வேலையை மேம்படுத்த எல்லாரும் யோசிப்பார்கள். அந்த வேலையே தேவையா என்று கேட்கத் துணிந்த இடங்களில் இது ஒன்று.

வேகமாகச் செய்தால் தொற்று வருமே என்ற கேள்வியும் உங்கள் மனதில் வந்திருக்கும், வரவேண்டும். அதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் செலுத்துவதன் பலனை ஆறு லட்சம் அறுவைகளின் பதிவேடுகளிலிருந்து கணக்கிட்டு 2017இல் வெளியிட்டார்கள். மருந்து இல்லாதபோது பத்தாயிரத்துக்கு ஏழாக இருந்த கடும் தொற்று, மருந்தோடு இரண்டாகக் குறைந்திருந்தது. ஒவ்வொரு அறுவையின் விளைவையும் எழுதிவைக்கும் பழக்கம் இருந்ததால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்தது.

இந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது? சிந்தனை முறைகள் பலவற்றை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். விளம்பரத் துறைக்காரரான அலெக்ஸ் ஆஸ்பர்ன் பரப்பிய 'பிரெய்ன்ஸ்டார்மிங்', சோவியத் யூனியனில் கென்ரிக் அல்ட்ஷுல்லர் ஆயிரக்கணக்கான காப்புரிமைகளைப் படித்து உருவாக்கிய 'டிரிஸ்', இப்போதைய 'டிசைன் திங்கிங்'. எல்லாம் பயனுள்ளவை. வேகமும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று முரண் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட இடத்தில் இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் தேடு என்று டிரிஸ் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த பாடம். ஆனால் இந்த முறைகளெல்லாம் கையில் சரக்கு இருக்கிறவனுக்கு. வெறும் கையோடு வட்டமாக உட்கார்ந்து மஞ்சள் ஒட்டுத்தாள்களைச் சுவரில் ஒட்டினால், நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் வெவ்வேறு எழுத்தில் திரும்பி வரும்.

டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ தன் பொறியாளர்களைத் தொழிற்கூடத் தரையில் சாக்பீஸால் வரைந்த வட்டத்துக்குள் நிற்க வைப்பாராம். கால் கடுக்க நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலோட்டமான பதிலோடு வந்தால் இன்னும் நில் என்று அனுப்பிவிடுவார். 'ஐந்து முறை ஏன் என்று கேள்' என்ற அவருடைய பாடம் உங்கள் தேர்வுக்கு வருகிறது. சாக்பீஸ் வட்டம் தேர்வுக்கு வருவதில்லை. வட்டத்தில் நிற்காமல் மேசையில் உட்கார்ந்து ஐந்து 'ஏன்' எழுதினால் ஐந்தும் கற்பனைப் பதில்களாகத்தான் இருக்கும்.

இப்போது கடலூருக்கு வாருங்கள். ஷாம்பூ பாக்கெட்டின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பணக்காரர் பயன்படுத்துவதைக் கூலித் தொழிலாளியும் பயன்படுத்த முடிய வேண்டும் என்ற எண்ணத்தோடு சின்னி கிருஷ்ணன் சிறு பாக்கெட்டுகளில் பொருளை அடைத்து விற்க முனைந்தார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி 'சிக்' ஷாம்பூவைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். எந்த நிறுவனத்தின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். பிறகு காலிப் பாக்கெட்டும் சிக் ஆகத்தான் இருக்க வேண்டும் என்று மாற்றினார். ஒரு கட்டத்தில் பாக்கெட் 50 காசுக்கு வந்தது.

இதை 'விலையைக் குறைத்தார், விற்றது' என்று படிக்காதீர்கள். மில்லிக்கு மில்லி என்ன விலை என்பது கூலிக்காரர் வீட்டில் எழும் கேள்வியே கிடையாது. அன்றைக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. தினக்கூலி வாங்குகிறவர் ஒரு மாதத்துக்கான பாட்டிலுக்கு இன்றே பணம் கொடுப்பது, இரண்டு நாள் கூலியை ஒரே பொருளில் முடக்குவதற்குச் சமம். முடிச்சு பணம் வந்துபோகும் நேரத்தில் இருந்தது. அளவைச் சிறிதாக்கியதும் அவிழ்ந்தது. பெரிய நிறுவனங்களின் விற்பனைத் துறைகள் பல ஆண்டுகள் பார்த்திருந்த கடைதான் அது. கூலி எந்த நாளில், எந்த அளவில் கைக்கு வருகிறது என்று பார்த்தவர்கள் முந்திக்கொண்டார்கள்.

இந்தக் கதையை இதோடு நிறுத்திக் கைதட்டுவதுதான் வழக்கம். என்னால் அப்படி நிறுத்த முடியவில்லை. அந்தப் பாக்கெட் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது. அடுக்குகளைப் பிரிப்பது கடினம். எடை இல்லாததால் பழைய பொருள் வாங்குகிறவரும் எடுக்கமாட்டார். தண்ணீர் பாட்டிலைப் பொறுக்குகிற கை இதைப் பொறுக்குவதில்லை. நம் ஊர்ச் சாக்கடைகளையும் கண்மாய்க் கரைகளையும் பாருங்கள். ஒரு வீட்டின் பணச் சிக்கல் தீர்ந்தபோது ஊரின் குப்பைச் சிக்கல் பிறந்தது. காசு கொடுத்து வாங்கியவர், விற்றவர், செய்தவர் மூவர் கணக்கிலும் அது ஏறவில்லை. தீர்ந்ததாக நாம் கொண்டாடும் சில சிக்கல்கள் வாசலுக்கு வெளியே தள்ளிவிடப்பட்டவைதான். இதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய சான்று திருப்பூர்.

பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற ஏராளமான உப்பு வேண்டும். ரியாக்டிவ் சாயத்தைப் பருத்தி நூலிழைக்குள் தள்ளிவிடுவது உப்பின் வேலை. வேலை முடிந்ததும் அது துணியில் தங்குவதில்லை, முழுவதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளின் தண்ணீர் பல ஆண்டுகள் நொய்யலில் போனது. சென்னிமலைக்கு அருகே பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. அணை நிறைந்தால் விவசாயிகள் மகிழ்வார்கள், இங்கேயோ தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சினார்கள். கிணறுகள் உப்பாயின, தென்னை காய்ந்தது.

எதிர்ப்பு வந்தபோது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. அவை நிறத்தை எடுத்தன. ஆறு சிவப்பாக ஓடுவது எல்லார் கண்ணுக்கும் தெரிந்த குற்றம், ஆகவே அதைத் தீர்த்தார்கள். கரைந்திருந்த உப்பு அப்படியே போனது. தெளிந்த தண்ணீராகத் தெரிந்தது பயிரைத் தொடர்ந்து கொன்றுகொண்டிருந்தது. சாயம் தெரிந்தது, உப்பு தெரியவில்லை. திறமையான பொறியாளர்கள், நல்ல இயந்திரங்கள், உண்மையான செலவு எல்லாமே இருந்தும் வேலை தவறான இடத்தில் நடந்தது. சிக்கலை அதிகம் அறிந்தவர் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஈரோடு, கரூர்ப் பக்கத்தில், கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்த விவசாயிதான். சுத்திகரிப்பு நிலையம் கட்டியவர்களின் வரைபடத்தில் அவர் எங்கும் இல்லை.

அவர் நீதிமன்றத்துக்குப் போனார். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வரக்கூடாது என்ற நிலையை எட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படியும் நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே நின்றது. தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். துணி சாயம் ஏற்ற வேறு மாநிலங்களுக்குப் போனது. அந்த மாதங்களின் வலியைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை; மூடிய பட்டறையின் கூலிக்காரருக்கு அந்த வழக்கில் எந்தப் பங்கும் இருக்கவில்லை.

அதுவரை முடியாது, கட்டுப்படியாகாது என்று சொல்லப்பட்டதெல்லாம் அதற்குப் பின் நடந்தது. கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, சவ்வுகளின் வழியே அழுத்தி, பத்தில் ஒன்பது பங்குத் தண்ணீரைத் திரும்ப எடுத்துப் பட்டறைக்கே அனுப்பினார்கள். மிச்சம் இருந்தது அடர்ந்த உப்புநீர். அதைக் காய்ச்சி உப்பாக்கும் எவாப்பரேட்டர்தான் செலவை விழுங்கியது. நீராவிக்கு எரிபொருள், எரிபொருளுக்குப் பணம். இன்னும் நல்ல எவாப்பரேட்டர் எது என்று எல்லாரும் தேடிக்கொண்டிருந்தபோது சிலர் வேறு கேள்வி கேட்டார்கள். சாயம் ஏற்றுகிறவர் உப்பை வாங்கி என்ன செய்கிறார்? தண்ணீரில் கரைக்கிறார். நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? உப்புநீரைக் காய்ச்சி உப்பாக்கி, அவர் மறுபடி தண்ணீரில் கரைப்பதற்காகக் கொடுக்கிறோம். காய்ச்சுவது எதற்கு?

அந்த உப்புநீரிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, அதையே குழாய் வழியாகச் சாயத்தொட்டிக்கு அனுப்பினார்கள். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இது செய்துகாட்டப்பட்டது. சாயம் ஏற்றுகிறவருக்கு உப்பு வாங்கும் செலவு குறைந்தது, நிலையத்துக்குக் காய்ச்சும் செலவு குறைந்தது. புது இயந்திரத்தைவிட ஒரு கேள்வி அங்கே அதிகம் சாதித்தது என்பது என் கருத்து. ஆனால் அந்தக் கேள்வி சும்மா தோன்றியதில்லை. கழிவு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த வரை உப்புநீரை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. வாசல் அடைக்கப்பட்டு அது தொட்டிக்குள் தேங்கி நின்றபோது, இதை வைத்து என்ன செய்வது என்று தினமும் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தது. கட்டுப்பாடு வந்தால் புதுமை செத்துவிடும் என்று பேசும் தொழிலதிபர்களை மேடைகளில் கேட்டிருப்பீர்கள். திருப்பூர் அதற்கு நேர்மாறான சாட்சி.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு பட்டறைக்குள்ளோ, கடைக்குள்ளோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ போங்கள். உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்வீர்கள். "உங்கள் பிரச்சினையைத் தீர்க்க வந்திருக்கிறோம்" என்று போனால் விடமாட்டார்கள், அது நியாயமும்தான். இரண்டு நாள் சும்மா கூட நிற்கிறோம், எடுபிடி வேலை செய்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள். முதலாளியைவிட அங்கேயே பல காலம் இருக்கும் ஃபிட்டரிடம், டீ நேரத்தில், பேச்சுக் கொடுங்கள். "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். "நேற்று எதற்காக மெஷினை நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மனிதர்கள் நல்ல அபிப்பிராயம் சொல்வார்கள், இரண்டாவதற்கு நடந்ததைச் சொல்வார்கள்.

ஒப்பேற்றி வைத்திருக்கும் பொருட்களைத் தேடுங்கள். சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிய கைப்பிடி, இயந்திரத்துக்கு அடியில் செருகிய அட்டை, மீட்டர் மேல் பேனாவால் போட்ட கோடு, பதிவேட்டின் ஓரத்தில் யாரும் கேட்காமல் எழுதிவைத்த எண்கள். ஒரு மனிதர் யாரும் சொல்லாமல் தானே முயன்று எதையோ சரிக்கட்டியிருக்கிறார் என்றால் அங்கே உண்மையான சிக்கல் இருக்கிறது, பாதித் தீர்வும் இருக்கிறது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்தவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு உங்கள் அறிக்கையில் எழுதுங்கள். அது அவருக்குச் சேரவேண்டிய பங்கு.

பிறகு எண்ணுங்கள். எத்தனை முறை நிற்கிறது, எவ்வளவு நேரம், எந்த ஷிஃப்டில். ஒரு நோட்டும் கடிகாரமும் போதும், சென்சார் அப்புறம் வரட்டும். எண்ணி முடிக்கும்போது நீங்கள் நினைத்துப் போன சிக்கல் மூன்றாம் இடத்துக்குப் போயிருக்கும். அதற்காகக் கவலைப்படாதீர்கள். தலைப்பை மாற்றிக்கொள்ள ஆகஸ்டில் வெட்கப்பட வேண்டியதில்லை; மார்ச்சில் மாற்ற முடியாது.

கடைசியாக, உங்கள் தீர்வு வேலை செய்யத் தொடங்கினால் அதன் கழிவு, அதன் கூடுதல் வேலை, அதன் ஆபத்து யார் தலையில் விழும் என்று எழுதுங்கள். ஒருவர் தலையிலும் விழாது என்று தோன்றினால் இன்னும் சரியாகத் தேடவில்லை. பொருள் போய்ச்சேரும் கடைசி இடம் வரை, துப்புரவுப் பணியாளர் வரை, போய்ப் பாருங்கள்.

மதிப்பெண் தாளில் 'புதுமை' என்ற கட்டம் பெரிதாக இருக்கிறது, சிக்கலை அறிவதற்கு ஒரு கட்டமே இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை. அதை மாற்றச் சொல்லி நடுவர் கூட்டங்களில் கேட்டுவருகிறேன், இனியும் கேட்பேன். மாறும் வரை, உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒன்றைச் செய்தாக வேண்டும் என்ற பயத்தை என் பொருட்டாவது விட்டுவிடுங்கள். இரண்டாவது மேசையைப் போட்டது காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பு கிடையாது. பஸ் அனுப்பியதும் கிடையாது. சிக்கலை நேரில் பார்த்து எழுதிய நான்கு பக்கங்களோடும் பாதி வேலை செய்யும் மாதிரியோடும் வரும் குழுவுக்கு, பளபளப்பான பெட்டியோடு வரும் குழுவைவிட அதிக மதிப்பெண் போடுகிறேன். கேட்கிறவர்களுக்குக் காரணத்தையும் எழுதிக் கொடுக்கிறேன்.

தலைப்பு இன்னும் கிடைக்கவில்லை என்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது. திருப்பூரில் தண்ணீர் திரும்புகிறது, உப்புநீரும் திரும்புகிறது என்றேன். எல்லாம் போக எவாப்பரேட்டரின் கடைசியில் ஒரு கலப்பு உப்பு மிஞ்சுகிறது. சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் அழுக்கும் கலந்தது, பிரித்தெடுப்பது சிரமம், சாயத்துக்கும் ஆகாது, மண்ணில் கொட்டவும் கூடாது. சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். வேதிப் பொறியியல் குழு ஒன்றும் இயந்திரப் பொறியியல் குழு ஒன்றும் சேர்ந்து வந்தால் நல்லது. நிலைய மேலாளரிடம் முன்கூட்டியே அனுமதிக் கடிதம் அனுப்புங்கள், கல்லூரி முத்திரையோடு. போகும்போது கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். முதல் நாள் மாதிரி எடுக்க வேண்டாம். அந்த மூட்டைகளைத் தைத்து அடுக்குகிறவர் யாரென்று கேட்டு, அவர் ஷிஃப்ட் முடியும் வரை கூட நில்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நடுவர்களில் ஒருவன்